பதினான்கு மில்லிமீட்டர்

அக்டோபர் 6

மைனாவுக்கு,

உன் போனில் என் எண்ணை நீ பிளாக் செய்து அடைத்து வைத்திருப்பது தெரியும். இருந்தும் நேற்று மூன்று முறை அடித்துப் பார்த்தேன். நூலகத்து போன் மணி அடிக்கவே இல்லை, மழையில் செத்துப்போயிருக்கும். அதனால்தான் கடிதம். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தைக் கிழித்துப் போடுவதென்றாலும் கிழிக்கும்போது நாலு வரியாவது கண்ணில் படும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நூலகத்தை மார்ச்சில் நான் வந்து லேசர் ஸ்கேன் செய்தது நினைவிருக்கும். நீ என்னிடம் பேசாமல் வவுச்சரில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாய். செப்டம்பரில் பழைய கட்டடங்களை அளக்கிற எங்கள் அலுவலக ஆட்கள் இரண்டு பேர் அதே வேலையை மறுபடி செய்து அனுப்பியிருக்கிறார்கள். முக்காலியில் சுழலும் அந்தக் கருவி, சுவர், தூண், கூரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக எழுதிவைக்கும். மார்ச் கட்டடத்தின் மேல் செப்டம்பர் கட்டடத்தை வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அசையாத இடம் திரையில் பச்சை. அசைந்த இடம் மஞ்சள், பிறகு சிவப்பு.

உங்கள் கிழக்கு ஹாலின் வெளிச்சுவர் சிவப்பாக வந்திருக்கிறது. பதினான்கு மில்லிமீட்டர். நூற்றைம்பது வருஷம் பழைய சுங்கக் கிடங்கு ஆறு மாதத்தில் இவ்வளவு நகரக்கூடாது. அதன் செங்கல் வளைவுக் கூரை அந்தச் சுவரை நம்பித்தான் நிற்கிறது.

அலுவலகத்தில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். கிழக்கு ஹாலில் யாரையும் உட்காரவைக்காதே. உன் மேஜையும் அங்கேதான் இருக்கிறது.

அண்ணி

*

அக்டோபர் 12

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அலுவலகக் கோப்பில் வைக்கலாமா, குப்பையில் போடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய மருத்துவமனைப் படிக்கட்டு நகர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதினீர்கள். அதைப் பழுதுபார்த்த இன்ஜினீயர் யார்? உங்கள் புருஷன், என் அண்ணன். ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவனுக்கு அது அலுவலகக் கடிதம் வந்துதான் தெரியும். முந்தின நாள் ராத்திரி சாப்பாடு போட்ட கையால்தான் அந்த அறிக்கையை எழுதியிருந்தீர்கள். அந்தப் படிக்கட்டு இன்றைக்கும் நிற்கிறது. நான் போன வாரம்கூட ஏறி இறங்கினேன். ஒரு கல் ஆடவில்லை.

இப்போது எங்கள் நூலகம். இதற்கும் 'பலமாக இருக்கிறது' என்று ஏப்ரலில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். ஊரில் எத்தனையோ பழைய கட்டடம் இருக்கிறது. அவன் கையெழுத்து இருக்கிற இடமாகப் பார்த்து உங்கள் கருவிக்குக் கண் தெரிவது எப்படி?

இங்கே தினமும் நாற்பது பேர் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வீட்டில் மின்விசிறி இல்லாதவர்கள், தனி அறை இல்லாதவர்கள், பிள்ளை தூங்கினபிறகு வருகிற பெண்கள். அவர்களிடம் போய், இரண்டு பென்சில் கனத்துக்குச் சுவர் நகர்ந்திருக்கிறது, எழுந்து போங்கள் என்று சொல்லட்டுமா?

அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. அவன் இப்போதுதான் ஒழுங்காகத் தூங்குகிறான்.

நூலகர்

*

அக்டோபர் 17

மைனா,

'நூலகர்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். சரி. நான் மைனா என்றுதான் எழுதுவேன். அந்தப் பெயரை வைத்தவர் உன் அண்ணன். கூப்பிட்டுப் பழகியது நான்.

படிக்கட்டு விஷயத்தில் நான் எழுதிய எண் தப்பில்லை. எழுதிய விதம் தப்பு. வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "கொஞ்சம் பொறு, நானே போய்ப் பார்க்கிறேன்" என்பார், நான் பொறுத்துவிடுவேன் என்று பயந்தேன். அதனால்தான் சொல்லவில்லை. இந்தத் தடவை உன்னிடம் முதலில் சொன்னதும் அதனால்தான்.

நீ என்னை நம்ப வேண்டாம். நீயே பார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு இருக்கும், கேட்டு வாங்கு. கிழக்குச் சுவரில் ஜன்னலுக்கு மேலே ஒரு பழைய விரிசல் போகிறது. விரிசலுக்குக் குறுக்காகக் கண்ணாடியை வைத்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டு. தேதி எழுது. சுவர் நகர்ந்தால் கண்ணாடி நடுவில் உடையும். அதற்குப் பேசத் தெரியாது, பொய்யும் தெரியாது.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்கிறேன். இரண்டு ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவைக்க, கட்டடத்துக்குள் மூன்று இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கிறோம். மேற்குத் தூணில் ஒன்று, நடுத்தூணில் ஒன்று, கிழக்குச் சுவரில் ஒன்று. வெளியே நாலாவது இருந்தது. செப்டம்பரில் அதற்கு முன்னால் ஒரு வேன் நின்று மறைத்துவிட்டது. மீதி மூன்றும் சாட்சி மாதிரி. மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பேச்சுப் பேசினால், மாற்றிப் பேசுகிற மூன்றாமவன்தான் இடம் மாறியவன் என்று எடுத்துக்கொள்வோம். மேற்கும் நடுவும் ஒத்துப்போகின்றன. கிழக்கு ஒத்துப்போகவில்லை.

நேற்று எங்கள் தலைமை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். "பிழை அளவுக்குள்ளதான் இருக்கு, அடுத்த ஸ்கேன் வரட்டும்" என்றார். எங்கள் அலுவலக வரைபடத்தில் பழைய கட்டடம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. உங்கள் நூலகம் பச்சைப் புள்ளி. அதைச் சிவப்பாக்க அவர் கையெழுத்து வேண்டும். கிடைக்கவில்லை.

அந்த மேஜையையாவது நகர்த்திப் போடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

அண்ணி

*

நவம்பர் 3

அண்ணிக்கு,

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. உங்கள் இரண்டாவது கடிதம் வந்த நாளிலிருந்து கிழக்கு ஹாலில் உட்கார்ந்தால் என் கழுத்து தானாக மேலே போகிறது. புத்தகம் வாங்க வருகிறவர்கள், "என்ன மேடம், பல்லியா?" என்று கேட்கிறார்கள்.

கண்ணாடி ஒட்டினேன். மூன்று துண்டு. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ஸ்டூலில் ஏறி அதைப் பார்ப்பது. பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்றும் முழுசாக இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை.

அப்படியிருந்தும், சொன்னால் சிரிப்பீர்கள், எல்லாரையும் கிழக்கு ஹாலிலிருந்து கிளப்பிவிட்டேன். சுண்ணாம்படிக்கப் போகிறார்கள் என்று பொய் சொன்னேன். நாற்பத்தோரு நாற்காலியையும் மேற்கு ஹாலுக்கு மாற்றியாயிற்று. என் மேஜை மேற்குத் தூணை ஒட்டி. தினமும் அகராதியை மட்டும் படிக்க வருவாரே, காது கேட்காத பெரியவர், நாங்கள் அகராதி என்றே கூப்பிடுவோமே, அவர்தான் நகரமாட்டேன் என்று முறைத்தார். 'ழ' வரிசை முடியட்டும் என்றார். 'ழ'வில் தொடங்குகிற வார்த்தை எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டிய பிறகுதான் எழுந்தார்.

மேற்கு ஹால் வசதியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் ஈர வாடை, ஆனால் குளுகுளுவென்று இருக்கிறது. கதவு மட்டும் தரையில் உரசுகிறது. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவை. மேஜையில் பென்சில் வைத்தால் தூணைப் பார்த்து ஓடுகிறது. "தூணுக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது" என்று அகராதி ஜோக் அடித்தார். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மூன்று சாட்சிகளைப் பற்றி. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். ஜூலையில் ஒரு மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். அதற்காக நடுத்தூணுக்கு மட்டும் வெள்ளையடித்தோம். உங்கள் கட்டம் போட்ட அட்டையை நான்தான் உரித்தெடுத்து, பதிவேட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்து, வெள்ளை காய்ந்தபிறகு பசை தடவி மறுபடி ஒட்டினேன். அதே இடத்தில்தான். ஒரு சுண்டுவிரல் அகலம் கீழே போயிருக்கலாம், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் செப்டம்பரில் வந்து பார்த்தார்கள், கண்டுபிடிக்கவில்லை. இவ்வளவுதான் உங்கள் சாட்சி. இதை வைத்துக்கொண்டா ஒரு மனுஷனை ஆறு மாதம் வீட்டில் உட்காரவைத்தீர்கள்?

எனக்குப் பயம் போய்விட்டது. திங்கட்கிழமை நாற்காலிகளைத் திரும்ப மாற்றலாம் என்று இருக்கிறேன். இல்லை, அடுத்த வாரம். தூக்குகிற ஆள் ஊரில் இல்லை.

மைனா

*

நவம்பர் 7, செவ்வாய், பகல் பன்னிரண்டு

மைனா,

உன் கடிதம் பத்தரைக்கு வந்தது. எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், எப்படி முடிந்திருந்தாலும். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடுத்தூண் அட்டையை நீ கீழே இறக்கி ஒட்டியிருக்கிறாய். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, நடுத்தூணையே சாட்சியாக வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. திரை மாறிவிட்டது.

கிழக்குச் சுவர் பச்சை. அது அசையவே இல்லை. அசைந்தது மேற்குத் தூண். அது நிஜமாகவே தரைக்குள் பதினான்கு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. நீ இறக்கி ஒட்டிய அட்டையும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. இரண்டும் ஒரே பேச்சுப் பேசின. நான் அவற்றை நம்பி, நின்ற இடத்தில் நின்ற கிழக்குச் சுவரைப் பொய்யன் என்றேன்.

நாற்பத்தோரு பேரை நல்ல சுவரடியிலிருந்து கிளப்பி, இறங்குகிற தூணடியில் உட்காரவைத்திருக்கிறேன். நீ இல்லை, நான்.

கதவு உரசுகிறது என்றாய். பென்சில் ஓடுகிறது என்றாய். ஈர வாடை என்றாய். மூன்றையும் ஜோக்காக எழுதியிருந்தாய். மூன்றும் தூண் இறங்குவதன் அடையாளம்.

உன் போனுக்கு அடித்தேன். வழக்கம்போல. நூலகத்து போன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. காவல் நிலையத்துக்கு அடித்தேன், "எந்தக் கட்டடம், விழுந்துடுச்சா?" என்றார்கள். "இன்னும் இல்லை" என்றேன். "விழுந்ததும் சொல்லுங்க" என்றார்கள். மீதி இருந்தது ஒரே ஒரு எண்தான்.

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு."

"நூலகம். மேற்குத் தூண்."

"எத்தனை?"

"பதினாலு."

"சாயுதா, இறங்குதா?"

"இறங்குது. மைனா அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கா."

வைத்துவிட்டார். அவ்வளவுதான். கோபத்தில் வைத்தாரா, கிளம்பிப் போக வைத்தாரா, தெரியவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பதினொன்றே கால் அப்போது. அவர் அலுவலகத்திலிருந்து உங்கள் வாசலுக்குப் பத்து நிமிஷம். இப்போது பன்னிரண்டு ஆகிறது. யாரும் கூப்பிடவில்லை.

பக்கத்து மேஜைக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை படிந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணி

*

நவம்பர் 9

அண்ணி,

அண்ணன் உங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே 'காலி' என்று ஒரு வார்த்தை செய்தி அனுப்பியதாகச் சொன்னான். மதியம் இரண்டு மணிக்குத்தான் அனுப்பினானாம். அதுவரை நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினொன்றரை இருக்கும். அண்ணன் செருப்போடு உள்ளே வந்தான். அவன் நூலகத்துக்குள் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தூணடிக்குப் போய், மண்டிபோட்டு, சாவியால் தரையைத் தட்டினான். மூன்று இடத்தில் டொக் டொக் என்றது. நாலாவது இடத்தில் பானையைத் தட்டின மாதிரிச் சத்தம். எழுந்து மெதுவாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னான்:

"மைனா, எல்லாரையும் வெளியே அனுப்பு. ஓடச் சொல்லாதே. நாற்காலியை இழுக்கச் சொல்லாதே. ஒவ்வொருத்தரா, சுவரோரமா நடக்கச் சொல்லு."

நான் போய் ஒவ்வொருவர் காதிலும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. புத்தகத்தை மூடி, பையில் வைத்து, தண்ணீர் பாட்டிலை மூடி, எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு பெண் திரும்பி வந்து மறந்துபோன பேனாவை எடுத்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்தேன். அகராதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக் காட்டவும் எனக்குக் கை வரவில்லை. அண்ணன் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் வைத்தான். அவர் கடைசிவரை விரலை எடுக்காமல் பக்கத்தைப் பிடித்திருந்தார்.

எல்லாரும் வெளியே வந்து நின்றோம். கட்டடம் அப்படியே நின்றது. அரை மணி, ஒரு மணி. ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கடைக்காரர், "என்ன சார், மாக் டிரில் ஒத்திகையா?" என்றார்.

இன்றோடு மூன்று நாள். இன்னும் நிற்கிறது. தேர்வு பதினைந்து நாளில். படிக்கிறவர்கள் வாசலில் வந்து என்னைத் திட்டுகிறார்கள், நியாயமாகத்தான் திட்டுகிறார்கள். எங்கள் நூலகத் துறைத் துணை இயக்குநர் போன் செய்து, திங்கட்கிழமை திறந்தாக வேண்டும் என்றார். ஏப்ரல் சான்றிதழ் இருக்கிறதே என்கிறார். அண்ணன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். காலையில் ஆறு மணிக்கு வருகிறான். பொழுது சாய்ந்ததும் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போகிறான்.

நான் செய்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான் ஒட்டின அட்டை. நான் நகர்த்தின நாற்காலி. இரண்டும் என் கை.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் நீங்கள் கூப்பிட்டால் என்னால் பேச முடியுமா என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

மைனா

*

நவம்பர் 11, சனி

மைனா,

உன் கடிதம் கூரியரில் இன்று காலை வந்தது. அனுமதி இல்லாமல் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னதற்காக என்னைக் கணினிப் பக்கம் போகக்கூடாது என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். புதன்கிழமை விசாரணை. ஊரை விட்டு வெளியே போகக்கூடாதாம். இல்லையென்றால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன்.

ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு காகிதம் கிழித்தாயிற்று.

முதலில் கிழக்கு என்றேன், தப்பு. இப்போது மேற்கு என்கிறேன். இதுவும் தப்பாக இருந்தால்? படிக்கட்டு நிற்கிறது. நூலகமும் நிற்கிறது. நான் பார்ப்பது கட்டடத்தை இல்லை, புள்ளிகளை. புள்ளிக்குக் கனம் கிடையாது, வாடை கிடையாது. அதைத் தட்டிப் பார்க்க முடியாது. எத்தனை வருஷமாக இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், நம்பிக்கையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது பச்சை நிறத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அதைவிட மோசமானது ஒன்று. நேற்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, விழுந்துவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் சொன்னது சரியாகிவிடும், அவரும் நம்புவார், நீயும் நம்புவாய் என்று. வாயில் நுரையோடு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அவர் அந்த வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

அவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்காரச் சொல். வாசல் வளைவும் மேற்குச் சுவரோடு சேர்ந்ததுதான். நான் சொன்னேன் என்று சொல்லாதே. வெயில் அடிக்கிறது என்று சொல்.

அண்ணி

*

நவம்பர் 13

அண்ணி,

உங்களோடு நேற்று போனில் பேசினபோது நான் அழுதுகொண்டே இருந்தேன், நீங்கள் "அவர், அவர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். விசாரணையில் வேண்டுமானால் இதையே காட்டுங்கள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் துணை இயக்குநர் ஜீப்பில் வந்தார். நானும் இருந்தேன். உங்கள் சனிக்கிழமைக் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை; இன்றுதான் வந்தது. அண்ணன் வாசலில்தான் இருந்தான்.

"கதவைத் திறங்க. உள்ளே போய்ப் பார்க்கணும்."

"வேண்டாம் சார்."

"ஏப்ரல்ல பலமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான் சார். அப்ப மேலே பார்த்தேன். கீழே பார்க்கலை."

"இப்ப கீழே யார் பார்த்தது?"

"என் பொண்டாட்டி பார்த்தா சார்."

அண்ணி, இரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை.

அவர் கோபமாகி, ஜீப்பில் இருக்கிற மாற்றுச் சாவியை எடுத்துவரச் சொன்னார். டிரைவர் எடுக்கப் போனார். அண்ணனும் எழுந்து, சாவியை மறிக்க அவர் பின்னாலேயே நாலு எட்டு நடந்தான். துணை இயக்குநரும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். மூன்று பேரும் ஜீப்புக்குப் பக்கத்தில். நான் மரத்தடியில்.

முதலில் உள்ளே மணல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். தகரத்தில் கொட்டுகிற மாதிரி. அது நிற்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தூணைப் பார்த்தேன். அது சாயவில்லை. நேராக, அமைதியாக, யாரோ கீழேயிருந்து இழுக்கிற மாதிரித் தரைக்குள் போயிற்று. அது போனபிறகும் கூரை ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு நடுவிலிருந்து செங்கல் செங்கலாக, அப்புறம் மொத்தமாக. வாசல் வளைவு வெளிப்பக்கம் விழுந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலி அதற்கு அடியில்.

தூசி அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. துணை இயக்குநர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

இன்று தீயணைப்பு ஆட்களோடு அண்ணன் போய்ப் பார்த்தான். தரைக்கு அடியில் பழைய வடிகால் ஒன்று உடைந்து, எத்தனையோ வருஷமாக மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆள் நின்றால் தலை மறையும் அளவுக்குக் குழி. அதன்மேல் ஒரு சாண் தரை, அதன்மேல் நாற்பத்தோரு நாற்காலி, என் மேஜை. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து என் தலையில் கையை வைத்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படிச் செய்வான்.

கிழக்கு ஹால் நிற்கிறது. கண்ணாடி மூன்றும் முழுசாக இருக்கின்றன.

அட்டையை உரித்து ஒட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்கிறார்களோ செய்யட்டும். எனக்கு இப்போது அதைப் பற்றிப் பயமில்லை. வேறு பயம் பிடித்திருக்கிறது. நேற்று வீட்டில் தட்டு வைத்து உட்கார்ந்ததும், சாவியை எடுத்துத் தரையைத் தட்டிப் பார்த்தேன். இன்று பஸ் நிலையத்தில் தட்டினேன். ஜனங்கள் பார்க்கிறார்கள். நிறுத்த முடியவில்லை.

மைனா

*

நவம்பர் 18

மைனா,

இனிமேல் போனில் பேசிக்கொள்ளலாம் என்றாய். பேசுவோம். ஆனால் இதைக் குரலில் சொல்லத் தெரியவில்லை.

விசாரணை முடிந்தது. உன் கடிதத்தைக் காட்டினேன். தலைமை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "கம்ப்யூட்டரைத் திறந்து கொடுங்க" என்று மட்டும் சொன்னார். உங்கள் நூலகத்தின் புள்ளி இப்போது சிவப்பு. விழுந்தபிறகு சிவப்பாக்க யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மேற்கு ஹாலைத் திரும்பக் கட்டப்போகிறார்களாம். ஒவ்வொரு செங்கல்லும் எங்கே இருந்தது என்பது என் ஸ்கேனில்தான் இருக்கிறது. அந்தக் கணினி மாடலைச் சுத்தம் செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுத்தம் செய்வதென்றால் முதல் வேலை ஆட்களைத் துடைப்பது. கருவி சுழலும்போது குறுக்கே நின்றவர்கள் எல்லாம் புள்ளியாகப் பதிந்திருப்பார்கள், அவர்களைத் தேடித் தேடி அழிக்க வேண்டும்.

செப்டம்பர் ஸ்கேனில் மேற்கு ஹாலில் பதினோரு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ மேற்குத் தூணில் சாய்ந்து நிற்கிறாய். கையில் பதிவேடு. நகர்ந்திருக்கிறாய் போல, ஒரு பக்கத் தோள் மட்டும் புகை மாதிரிக் கலைந்திருக்கிறது. உன் காலுக்குக் கீழே தரை பச்சையாக இருக்கிறது. என்ன இருந்தது என்று இப்போது தெரியும். பத்துப் பேரைத் துடைத்தேன். பதினோராவது ஆளையும் துடைத்தேன். உன்மேல் கை வைத்தபோது மட்டும் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன். இன்னும் துடைக்கவில்லை.

உன் பயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது போய்விடும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் போகவில்லை. ஆனால் நீ தரையைத் தட்டுவதை நிறுத்தவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் வரைபடத்தில் இன்னும் இருநூற்றுப் பதினொரு புள்ளிகள் இருக்கின்றன, எல்லாம் பச்சை. அவற்றில் முப்பத்தேழு நான் சரிபார்த்தவை. அந்த முப்பத்தேழையும் இந்த வாரம் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எந்த அட்டையையும் நம்பாமல். முப்பத்தாறு சரியாக இருக்கின்றன. ஒன்றில் அட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அது உங்கள் ஊரில்தான், ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம். யாராவது வெள்ளையடித்து அட்டையை மாற்றி ஒட்டினார்களா, நிஜமாகவே ஏதாவது இறங்குகிறதா, திரையைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்லவும் மாட்டேன். போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். எனக்குத் தட்டத் தெரியாது. எது கல் சத்தம், எது பானைச் சத்தம் என்று அவருக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடம் மழை விடுமுறையில் பூட்டியிருக்கிறது. இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டேன். சாவி தருகிறேன் என்றார். "ஏன், ஏதாவது பயமா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அவரை ரயிலடிக்கு வரச் சொல். என்னோடு பேச வேண்டாம், கோபம் இருந்தால் இருக்கட்டும். டார்ச்சும் சாவிக்கொத்தும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

அண்ணி